தமிழ்ப் பாடவேளையில் ஒரு தட்டுக் கடல்நீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவேண்டும் என்ற அக்கறையில் தொடக்கப்பள்ளிகளில் அறிவியல் பாடவேளை சுருங்கிப்போகிறது. எழுத விஷயம் இல்லாத பிள்ளைக்கு எழுத்தும் வராது. ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் இரண்டையும் சேர்த்தே நடத்தலாம்.

மூன்றாம் வகுப்பிலிருந்து உப்பு நல்ல தொடக்கம். கடல்நீரைத் துணியில் வடிகட்டி, அகன்ற பீங்கான் தட்டில் 200 மில்லி, டம்ளரில் 200 மில்லி ஊற்றி வெயிலில் வையுங்கள். இரும்புத் தட்டு துருப்பிடித்து உப்பைப் பழுப்பாக்கும். கச்சான் காற்றில் மண் விழாதிருக்கக் கொசுவலையால் மூடலாம். பாலித்தீன் தாள் வேண்டாம், ஆவி அதில் படிந்து திரும்பச் சொட்டும். நல்ல வெயிலில் தட்டு ஓரிரு நாளில் வற்றும், டம்ளரில் கொஞ்சமே குறையும். வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்திகள் ஏன் ஆழமில்லாமல் பரந்து கிடக்கின்றன என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பதால் தட்டில் ஏறக்குறைய 7 கிராம் மிஞ்சும். அது முழுதும் காயாமல் பிசுபிசுக்கும். சோதனை தோற்றதாக எண்ணித் தூக்கிப்போட வேண்டாம்; கடல்நீரிலுள்ள மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கின்றன. உப்பளத்தில் கடைசி நீரை வடித்துவிடுவதும் அவற்றை நீக்கத்தான்.

எழுதுவது தட்டை வெளியே வைக்கும் முன்பே தொடங்கவேண்டும். என்ன நடக்கும் என்று ஒரு வரி. பிறகு காலையும் மாலையும் கண்டது ஒரு வரி. காரணம் கடைசியில்தான். கண்டதையும் நினைத்ததையும் தனித்தனிப் பத்தியில் எழுதவைப்பது முக்கியம், இல்லையேல் பாடநூல் வரியே நோட்டில் வந்து உட்காரும். “தண்ணி வத்திப்போச்சு” என்று எழுதினால் அப்படியே இருக்கட்டும். நீராவி பற்றிய பாடத்தை அதன்பின் வாசிக்கக் கொடுத்தால், ‘ஆவியாதல்’ என்ற சொல் பொருளோடு மனதில் பதியும். முதலிலேயே வாசித்துவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்தக் குறிப்புகளில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிக்கக் கூடாது. பிழைக்குப் பயந்த பிள்ளை தெரிந்த நாலு சொல்லிலேயே நின்றுவிடும். நாளுக்கு இரண்டு சொல் திருத்தினால் போதும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் சொல்வதை ஆசிரியர் சார்ட்டில் எழுதி, அதையே வாசிக்கவைக்கலாம்.

கடற்கரைக்கு அழைத்துப்போனால் உயிரினம் எதையும் எடுத்துவர வேண்டாம். கடல் அட்டை 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அங்கேயே வரைந்து, பெயரெழுதித் திரும்பலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டு வற்றாது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பருக்குள், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் அவர்களுக்கு இதைச் செய்துகாட்டக் கல்வித்துறை ஏற்பாடு செய்யவேண்டும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம்.