முதல் மலைக்கு ஏலகிரி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை வந்தால் போதும், புது பைக் வாங்கிய பிள்ளைகள் நேராகக் கொல்லிமலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு என்று வீடியோவில் பார்த்ததும் ஆசை வந்துவிடுகிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் ஊருக்குள் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது முதல் மலையாக இருக்கக் கூடாது. வால்பாறையின் 40, கல்லட்டியின் 36 எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஏலகிரிக்குப் போங்கள்.

திருப்பத்தூர் மாவட்டத்தில் பொன்னேரியிலிருந்து ஏறுகிற அந்தச் சாலையில் 14 வளைவுகள்தான். பாரதியார், திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, காரி, ஓரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயரை ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கிறார்கள், அதனால் எத்தனை தாண்டினோம், இன்னும் எத்தனை பாக்கி என்பது தெரிந்துகொண்டே இருக்கும், புதிதாக ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு தெம்பு என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலை உச்சி வரை காடும் பாறையும் ஒரு பக்கம், கீழே விரிந்து கிடக்கிற சமவெளி இன்னொரு பக்கம். உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், உதகை போலக் கை விறைக்கிற குளிர் கிடையாது.

ஏறுவது சுலபம். கியரைக் குறைத்து, வளைவின் முடிவைப் பார்த்து ஓட்டினால் வண்டி தானாகத் திரும்பும். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்குத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இறங்குவதைப் பற்றி. பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் உருண்டு வருகிற பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். இன்ஜின் பிடிக்காத வண்டியின் மொத்த வேகத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும், தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, கருகிய வாடை வந்து, கடைசியில் தேவைப்படும்போது பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையை லேசாக்கிவிடுங்கள். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், வேகம் ரொம்பக் குறைந்தால் அதன் கிளட்ச் விடுபட்டு இன்ஜின் பிடிமானமே போய்விடும், அதனால் நடுநடுவே நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டு இறங்குவது நல்லது. அகலம் போதாத மலைச் சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி, இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

சென்னையிலிருந்து ஏலகிரி 230 கிலோமீட்டருக்குப் பக்கம். நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் வெயிலில் ஓட்டிய களைப்போடு மலை ஏறாதீர்கள். விடியற்காலையில் கிளம்பி, வாணியம்பாடியில் சாப்பிட்டு, அரை மணி உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள். இரவு மேலேயே தங்கி, மறுநாள் காலை வெளிச்சத்தில் இறங்கினால் புங்கனூர் ஏரியையும் நிதானமாகப் பார்க்கலாம். கோடை விழா நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்டம் அதிகம், புதியவர்கள் வார நாளில் போவதே மேல். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். வளைவில் நிறுத்தி செல்ஃபி எடுப்பதும் குரங்குக்குத் தீனி போடுவதும் பின்னால் வருகிறவரைத்தான் கீழே தள்ளும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கங்களில் எத்தனை வளைவு, எங்கே அருவி, எங்கே தங்கலாம் என்று எல்லாம் வருகிறது, எப்படி இறங்குவது என்பது மட்டும் வருவதில்லை. மலைச் சாலை பற்றி எழுதும்போதெல்லாம் அதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள். நெடுஞ்சாலைத் துறையும் மலையிலிருந்து இறங்கத் தொடங்குகிற இடத்தில், கியரில் இறங்கச் சொல்லித் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆம்பூர்.