தம்பி கொடுத்த நாற்பதாயிரம்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், ஊராருக்கும், வெளியூர்களில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஸ்தோத்திரம்.

நன்றி மடல் என்றால் வழக்கமாக நோயிலிருந்து எழுந்தவர்கள் எழுதுவார்கள், மகள் திருமணத்தை முடித்தவர்கள் எழுதுவார்கள். எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. 2014 ஆகஸ்டில் எங்கள் சொத்தைப் பாகம் பிரித்த அன்று, ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். பத்து ஆண்டுகளாக அது உங்கள் வாயில் உண்மையாகப் புழங்கியது. பலர் முன்னால் சொன்னதைப் பலர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். அதற்கு எனக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்வதையும் இங்கேயே செய்துவிடுகிறேன்.

பொய் இதுதான். அம்மாவின் கடைசி நான்கு மாத மருத்துவச் செலவு முழுவதையும் நான் ஒருவனே செய்தேன் என்றேன். ஆன செலவு ரூ.2,40,000. அதில் ரூ.40,000 தம்பி கொடுத்தது. மருத்துவமனை வராந்தாவில் மஞ்சள் பையோடு என் கையில் கொடுத்தான். ரசீது இல்லை, பார்த்தவர் யாரும் இல்லை. பாகம் பிரிக்கும்போது ஒருவர், "செலவெல்லாம் மூத்தவன் தலையில்தானே விழுந்தது" என்றார். நான் பேசாமல் இருந்தேன். இன்னொருவர், "தம்பி ஏதும் கொடுத்தானா?" என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன். தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். கிணற்றடி நிலத்தில் 20 சென்ட் எனக்கு அதிகமாக வந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பையனுக்கு மதிப்பெண் போடாதவன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற எனக்கு ஒரு கோபம் தேவைப்பட்டது. பனைமரங்கள் அதற்கு வாகாகக் கிடைத்தன. தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டி எங்கள் அப்பா ஏறிய பனைகள் அவை. காலையும் மாலையும் அவர் ஏறி இறக்கிய பதநீரை அம்மா விடிலி என்னும் ஓலைக் குடிசையில் காய்ச்சுவார். அந்தக் கருப்பட்டிதான் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியது. உச்சியில் இருந்து பார்த்தால் மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் தெரியும் என்று அப்பா சொல்வார். நான் ஒருநாளும் ஏறியதில்லை, ஆனால் ஏறிப் பார்த்தவன்போல அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் 52 மரங்களைத் தம்பி செங்கல் சூளைக்கு விற்றான். அப்பாவையே விற்றுவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேசினேன். பனை மாநில மரம் என்று வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் அரை மணி நேரம் முழங்கினேன். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தபோது, அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியவனும் நான்தான். யாருக்காக ஒட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மரம் விற்ற பணமும், அவன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணமும்தான் அந்த மஞ்சள் பையில் இருந்தன. இதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அது இரண்டாவது பொய். பையைக் கொடுக்கும்போதே அவன் சொன்னான்.

இத்தனையும் செய்துவிட்டு நான் கோயிலை விட்டு ஓடிப்போகவில்லை என்பதுதான் விசேஷம். முன்னைவிட அதிகமாக உழைத்தேன். ஞாயிறு பள்ளி, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், கமிட்டி என்று எல்லாவற்றிலும் முன்னால் நின்றேன். பாவம் செய்கிறவன் குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பான் என்றுதான் நாம் நினைக்கிறோம். பலர் பாமாலைப் புத்தகத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பொதுவான பாவ அறிக்கையில் எல்லாரும் சேர்ந்து 'நாங்கள்', 'எங்கள்' என்று சொல்கிறோம் அல்லவா? அந்தப் பன்மைக்குள் ஒளிந்துகொள்வது மிகவும் வசதி. தனி ஜெபத்தில் கோபப்பட்டேன், ஜெபத்தில் தூங்கினேன் என்று சில்லறைகளை எண்ணி வைப்பேன். பெரிய நோட்டு மடியிலேயே இருக்கும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பிறருடைய குற்றங்களை மன்னிப்பதுபோல எங்கள் குற்றங்களை மன்னியும் என்ற இடம் வந்தால் வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. பக்கத்தில் நின்றவர்கள் எனக்குத் தொண்டைக் கட்டு என்று நினைத்திருக்கலாம்.

தேவன் தூரமாகிவிட்டார் என்று அந்த நாட்களில் புலம்புவேன். வேதத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே கிடக்கும். உபவாசம் இருந்து பார்த்தேன், வருடாந்தரக் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போய்க் கண்ணீர்விட்டு வந்தேன். 'சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது' என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. பாகம் பிரித்த நாளிலிருந்து ஏறக்குறைய 3,500 சூரியன்கள் அஸ்தமித்துப் போயின. மாதத்துக்கு ஒன்றாக 115 முறை கர்த்தருடைய பந்தியில் நற்கருணைக்குக் கை நீட்டியிருக்கிறேன். அயலாரோடு அன்பும் சமாதானமுமாக இருப்பவர்களே வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் அழைத்தார்கள். நானும் ஒவ்வொரு முறையும் எழுந்து போனேன்.

முதல் நன்றி, 2023-இல் எங்கள் சேகரத்துச் சபைகளுக்கு மாறுதலாகி வந்த ஐயருக்கு, அதாவது எங்கள் போதகருக்கு. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவது நம் வழக்கம். 2024-இல் அவர் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார். எனக்கு வந்தது முதல் வார்த்தை: 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்.' அன்று மாலையே அவர் குடியிருக்கும் குருமனைக்குப் போய், "ஐந்தாம் வார்த்தை கொடுங்கள் ஐயா, 'தாகமாயிருக்கிறேன்' எனக்கு நன்றாக வரும்" என்றேன். "முதல் வார்த்தையில் என்ன சிக்கல் சார்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நம் ஐயர்மாரில் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தேநீர் ஆறும்வரை பொறுத்தார். அதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், அதற்காகத்தான் அழுதேன். அவரோ, "என்னிடம் வாங்கிய கடன் இல்லையே சார் இது" என்றார். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பிறன் பொருளை வஞ்சித்து எடுத்தவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்க வேண்டும், பலி அதற்குப் பிறகுதான். நாற்பதாயிரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு எட்டாயிரம். அந்தக் கணக்கைப் போட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. "பெரிய வெள்ளிக்கு இன்னும் 16 நாள் இருக்கிறது" என்றார். நீங்களும் கூட வாருங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார். அவர் வந்திருந்தால் அது இன்னொரு பஞ்சாயத்தாகப் போயிருக்கும். ஐயா, அந்த மறுப்புக்கு என் நன்றி.

அடுத்து கீழத்தெருப் பெரியம்மாவுக்கு. கோயிலுக்குக் காணிக்கையாகக் கைப்பிடி அரிசியை வாரம் தவறாமல் அதே நசுங்கிய எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவருவாரே, அவருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும், "வாத்தியார் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரையும் நினைத்தருளும்" என்று சத்தமாக ஜெபிப்பார். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட எங்களில் ஒருவன் பெயரை மட்டும் அவர் சொன்னதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஜெபத்தின் நடுவிலேயே எழுந்து வெளியே போயிருக்கிறேன். பெரியம்மா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயில் இருந்த அந்த 'இரண்டு பேர்' மட்டும்தான் அப்போது எங்களைச் சகோதரர்களாக வைத்திருந்தது.

சனிக்கிழமை மாலை என்னோடு ஜெபிக்கும் மூன்று பேருக்கும் நன்றி. ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், ஒருவர் மின்வாரியத்தில் வேலை செய்யும் இளைஞர், ஒருவர் மளிகைக்கடை அண்ணாச்சி. ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதி வைத்த விதிகளில், சென்ற கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன என்று ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் அப்படியெல்லாம் கேட்டதே இல்லை. மழைக்காக ஜெபிப்போம், யாராவது வீட்டுப் பையனின் விசாவுக்காக ஜெபிப்போம், சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கலைவோம். நான் விஷயத்தை உடைத்த அன்று மூவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வசனம் சொல்லவில்லை. அண்ணாச்சி மட்டும், "என்றைக்குப் போகிறீர்கள்?" என்றார். நாளைக்கு என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கடைக்காரரிடம் தவணை சொல்லித் தப்ப முடியாது.

ஞாயிறு சாயங்காலம் ரூ.48,000-ஐ எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். அந்தப் பாதையில் போய் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பனை நின்ற இடத்தில் வேலி நெடுக வடலிகள், இளம் பனைகள். இடுப்பளவுக்கு, சில தோளளவுக்கு. வெட்டிய அடுத்த ஆவணியிலேயே தம்பி கொட்டை ஊன்றியிருக்கிறான். நான் மேடையில் பனைக்காக முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் தண்ணீர் சுமந்திருக்கிறான். எனக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போலிருந்தது.

அவன் கட்டிலில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. "நீ கொடுத்தாய். நான் இல்லை என்று சொன்னேன்." அவ்வளவுதான் வந்தது. அவன் பணத்தை எண்ணினான். நாற்பதை எடுத்துக்கொண்டு எட்டை என் பக்கம் தள்ளி, "நான் வட்டிக்கா கொடுத்தேன்?" என்றான். கட்டிப்பிடித்து அழுவோம் என்று நான் நினைத்திருந்தேன். அவன் மறுபடியும் நாரைக் கையில் எடுத்துக்கொண்டான். தம்பி மனைவிதான் வாசற்படியில் நின்றபடி, "அந்தச் சங்கிலி மூழ்கிப்போயிற்று அத்தான்" என்றார். குரலில் கோபமில்லை, தகவல் சொல்வதுபோல இருந்தது. அந்தச் சங்கிலிக்கு ஐந்தில் எத்தனை பங்கு கூட்டுவது என்று லேவியராகமத்தில் இல்லை. அம்மா, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

என் மனைவிக்கும் ஒரு வார்த்தை. இத்தனை ஆண்டுகளும் அவள் எனக்குத் தெரியாமல் அங்கே போய் வந்திருக்கிறாள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறாள், என் பெயரில். எங்கள் வீட்டுக் காப்பிக்குப் போட்ட கருப்பட்டிகூடக் கடைச் சரக்கு இல்லையாம். நான் அறுத்துப் போட்டதை அவள் பின்னாலேயே வந்து முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

அந்தப் பெரிய வெள்ளியன்று நான் வசனத்தை வாசித்துவிட்டு, இதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்தேன். உடம்புக்கு என்ன என்று பலர் விசாரித்தீர்கள். பதில் இதுதான். கிணற்றடி 20 சென்ட்டை இந்த ஆண்டு ஜனவரியில் தம்பி பேருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. இந்த மடலை எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், ஊருக்கு எதற்கு என்று தம்பி தடுத்தான். அதைச் சாக்காக வைத்து நானும் தள்ளிப்போட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பகை போன பிறகு கை காலியாக இருந்தது. காலையில் எழுந்ததும் யார்மேலாவது கோபப்பட வேண்டும் என்று மனம் தேடியது. அவன் மோட்டார் என் தண்ணீர் முறை நேரத்தில் ஓடினால் பழைய பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வந்தே விட்டது, மனைவியிடம் கொட்டிவிட்டேன். 'நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்' என்று பவுல் எழுதியதை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை சுலபமாக விளக்கியிருக்கிறேன். இப்போது அந்த வரியில் நின்று நின்று போகிறேன். கடன்பட்ட ஊழியக்காரன் உவமையையும் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ராஜா அவனுக்கு மன்னித்துவிட்ட பதினாயிரம் தாலந்து ஆறு கோடி. உடன் ஊழியக்காரனிடம் அவன் கழுத்தைப் பிடித்துக் கேட்டது வெறும் நூறு. ஆறு லட்சத்துக்கு ஒன்று. இதைக் காகிதத்தில் எழுதி அலமாரியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மோட்டார் சத்தம் கேட்கும்போது போய்ப் பார்ப்பேன். சில நாள் பலன் இருக்கிறது. சில நாள் அலமாரியைப் படாரென்று சாத்துகிறேன். சனிக்கிழமை தோறும் அண்ணாச்சி கேட்கிறார், சொல்லிவிடுகிறேன். எழுத்தாகவே கிடந்த வேதம் இப்போது சில காலைகளில் பேசுகிறது. பேசாத காலைகளில், அதற்கு முந்தின நாள் என்ன செய்தேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்த எட்டாயிரம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. தம்பி வாங்க மறுக்கிறான். ஐயர் என்னிடமும் வராதீர்கள் என்கிறார்.

சென்ற மாதம் அசனப் பண்டிகையின் பொது விருந்தில், தம்பி பரிமாறும் வரிசையைப் பார்த்து அதை விட்டுத் தள்ளி உட்காரும் பழக்கம் காலில் அப்படியே இருந்தது. வேறு பக்கம் போன என்னை ஓட்டுநர்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். தம்பி குழம்பு வாளியோடு ஒவ்வொரு இலையாக வந்தான். என் இலைக்கு ஊற்றிவிட்டு, "போதுமா அண்ணே?" என்றான். போதும் என்றேன். கேட்காதவன்போல இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.