அண்ணப்பிளவுக் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டுக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது ஒன்றுதான்: வாயின் மேற்கூரையான அண்ணத்தில் இருந்த பிளவைத் தைத்த பிறகும், பேசும்போது மூக்கில் காற்று கசிவது ஏன்?

வல்லின ஒலிகளுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் சேர வேண்டும். அண்ணத்தின் பின்பகுதியான மென்னண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரோடு சேர்ந்து மூக்குவழியை அடைத்தால்தான் அது சேரும். அண்ணம் குட்டையாகவோ அசைவு குறைந்தோ இருந்தால் அதற்கும் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். அதன் வழியே காற்று மூக்குக்குப் போய், 'பாப்பா' என்பது 'மாமா' போல் கேட்கும். பெரிய இடைவெளியில் உயிரெழுத்துகளும் மூக்கொலியாகும். 'புஸ்' என்ற இரைச்சல் பெரும்பாலும் சிறிய இடைவெளியில்தான். இரைச்சல் அதிகம் என்பதால் இடைவெளி பெரிது என்று பயப்பட வேண்டாம்.

வீட்டில் பார்க்க, மூக்கின் கீழ் குளிர்ந்த சிறு கண்ணாடியைப் பிடித்து 'காக்கா', 'தாத்தா', 'பாட்டி', 'பச்சை' சொல்லச் சொல்லுங்கள். பேசத் தொடங்கியபின் வைத்து, முடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூச்சின் ஆவியே படிந்துவிடும். மெல்லின எழுத்துள்ள சொல் கூடாது, அதில் எல்லோருக்கும் மூக்கில் காற்று வரும். 'பகல்' போன்ற சொல்லும் உதவாது. நடுவில் வரும் ஒற்றைக் ககரம் மெலிந்தே ஒலிப்பதால் கசிவு பிடிபடாது.

ஊதும் பயிற்சிக்காகப் பலூன், விசில் வாங்குவதை நிர்வாகக் குழு நிறுத்திவிட்டது. சிலருக்கு இதில் மனக்குறை. ஆனால் ஊதும்போது அண்ணம் அசைவது வேறு, பேசும்போது அசைவது வேறு. ஊதிப் பழகினால் பேச்சு திருந்துவதில்லை. விளையாட்டுக்கு ஊதட்டும், அதைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேச்சுப் பயிற்சியில் திருந்துவது தவறான பழக்கம்தான்: ககரத்தைத் தொண்டைக்குள் வெட்டிச் சொல்வது, மற்ற ஒலிகள் தெளிவாயிருக்க சகரத்தை மட்டும் மூக்கில் விடுவது. எல்லா வல்லினத்திலும் கசிந்து, மூக்கைப் பொத்தினால் தெளிகிறது என்றால் பயிற்சியை மட்டும் நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம். அறுவை மருத்துவர் உள்நோக்கிக் குழாயால் இடைவெளியைப் பார்க்க வேண்டும். அண்ணத்தில் துளை மீந்திருந்தால் அதன் வழியாகவும் காற்று போகும். நடுக்காதில் நீர் கோப்பது இக்குழந்தைகளுக்குச் சகஜம், ஆகவே கேள்திறன் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வரும் ஆண்டுக் கூட்டங்களுக்கு, ஒரே சொற்களை மூக்கைத் திறந்தும் பொத்தியும் செல்போனில் பதிந்து வாருங்கள். இன்னொன்று: மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் இருக்கும் அடினாய்டு சதையை எடுக்கச் சொன்னால், அண்ணப்பிளவு இருந்ததை அந்த மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில குழந்தைகளுக்கு அந்தச் சதைதான் இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

செயலாளர்