டி25 கேம்பர் வேனுக்கு இரண்டு முறை தவறான எக்ஸாஸ்ட் அனுப்பியது குறித்த புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மே 6ஆம் தேதி என் வோக்ஸ்வாகன் டி25 கேம்பர் வேனுக்கான சைலன்ஸர், முன்குழாய்கள், கேஸ்கெட், போல்ட் அடங்கிய, எஞ்சின் புகையை வெளியேற்றும் முழு எக்ஸாஸ்ட் செட்டுக்கு உங்களிடம் 385 பவுண்டு செலுத்தினேன். இன்று ஜூன் 2. வண்டி இன்னும் மெக்கானிக்கின் கொட்டகையில் ஜாக்கியின் மேல்தான் நிற்கிறது.

ஆர்டர் கொடுக்கும்போதே, இது 1.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், தண்ணீரால் குளிர்விக்கப்படுவது, எஞ்சின் குறியீடு டிஜி, 1985 நவம்பரில் பதிவான வண்டி என்று தெளிவாக எழுதியிருந்தேன். வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணையும் கொடுத்தேன். அதன் பத்தாவது எழுத்து ஜி. அது 1986 மாடல் ஆண்டைக் குறிக்கும். 1985 ஆகஸ்டில் புதிய மாடல் ஆண்டு தொடங்கியபோது இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் அமைப்பு மாறியது என்பதும், அதற்கு முந்தைய செட் பிந்தைய வண்டிக்குப் பொருந்தாது என்பதும் இந்தப் பாகங்களையே விற்றுப் பிழைக்கும் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பதிவு ஆண்டு 1985 என்பதை மட்டும் பார்த்து அந்த முந்தைய செட்டை அனுப்பினீர்கள். அதைத் திருப்பி அனுப்பியதும் வேறு பெட்டியில் அதே செட் திரும்பி வந்தது.

மே 23ஆம் தேதி நடந்ததை என்னால் மறக்கவே முடியவில்லை. சரியான செட்டைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகத் தொலைபேசியில் உங்கள் ஊழியர் ஒருவர் உறுதியளித்ததை நம்பி, ஒரு நாள் விடுப்பு எடுத்து, தம்பியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, லெஸ்டரிலிருந்து பிரிஸ்டலில் உள்ள உங்கள் கிடங்குக்குப் போய்வர ஏறக்குறைய 240 மைல் ஓட்டினேன். அங்கே கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைக்கூடத் திறந்து பார்க்காமல், "அப்படி எதுவும் இங்கே இல்லை" என்றார். சேஸிஸ் எண்ணைப் பார்க்கும்படி கேட்டதற்கு, "நாற்பது வருடக் குப்பைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? உங்கள் மெக்கானிக்குக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்" என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த மெக்கானிக் முப்பது ஆண்டுகளாக இந்த வண்டிகளையே பழுதுபார்ப்பவர். உங்கள் முதல் செட்டைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் பொருந்தாது என்று சொன்னவரும் அவர்தான்.

இதில் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் உங்களுக்குப் புரிய வேண்டும். துருப்பிடித்த பழைய குழாய்களைக் கழற்றும்போது எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் அவற்றைப் பிடித்திருந்த இரண்டு ஸ்டட்கள் (திருகு தண்டுகள்) முறிந்தன. ஹெட் அலுமினியக் கலவை என்பதால், முறிந்ததைத் துளையிட்டு எடுப்பதற்கு மிகுந்த நிதானம் வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் 190 பவுண்டு ஆனது. அது உங்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிய ஸ்டட்களில் உங்கள் இரண்டாவது செட்டைப் பொருத்திப் பார்க்க மீண்டும் அரை நாள் கூலி போனதற்கு நீங்களே பொறுப்பு. ஸ்காட்லாந்தின் வடகரைக்குப் போக ஆறு மாதமாகத் திட்டமிட்டிருந்த குடும்பப் பயணமும் கைவிட்டுப் போயிற்று. என் பிள்ளைகளின் இந்தக் கோடைக்காலம் முழுவதையும் நீங்கள் பறித்துவிட்டீர்கள்; அதற்கு ஆயிரம் பவுண்டு கொடுத்தாலும் ஈடாகாது.

உங்களிடம் தரமான பொருள் இருக்கிறது என்று நம்பித்தான் வந்தேன். துருப்பிடிக்காத எஃகில் செய்த செட் விலை கூடுதல் என்றாலும் நெடுநாள் உழைக்கும் என்று உங்கள் பட்டியலைப் படித்தே சாதாரண எஃகை விட்டு அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இப்போதும் பணிவுடன் கேட்கிறேன்: 1985 ஆகஸ்டுக்குப் பிந்தைய டிஜி எஞ்சினுக்கான செட்டை, பாக எண்ணைச் சரிபார்த்து, ஜூன் 9க்குள் அனுப்புங்கள். இயலாவிட்டால் 385 பவுண்டையும் முழுமையாகத் திருப்பிக் கொடுங்கள். திரும்பி வந்த பொருளை மீண்டும் இருப்பில் சேர்ப்பதற்கான மறுஇருப்புக் கட்டணம் என்று 20 சதவீதம் பிடிப்பதாக எழுதியிருப்பதை நான் ஏற்கப் போவதில்லை. சொன்ன தேவைக்குப் பொருந்தாத பொருளை 30 நாட்களுக்குள் நிராகரிக்க 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் எனக்கு உரிமை தருகிறது. திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே.

ஜூன் 9 மாலைக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்ற நடைமுறையைத் தொடங்குவேன். கவுன்ட்டர் ஊழியர் பேசியதற்கு என்னிடமும் என் மெக்கானிக்கிடமும் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இத்துடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இரண்டாவது செட் பெட்டியோடு அவருடைய கொட்டகையில் இருக்கிறது; வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
லெஸ்டர்