பிரியாணி வரும், பருப்பு வேகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்புகளின் பட்டியலைத் தங்கள் இதழில் பார்த்தேன். சமையல் வகுப்புக்கு நேரே மட்டும் ‘பெண்களுக்கு’ என்று போட்டிருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வெளியூர் கிளம்பும் பையன்களுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

ஆம்பளைப் பிள்ளைக்குச் சமையல் எதற்கு என்று கேட்பவர்கள் கல்யாண மண்டபத்தின் கொட்டகை அடுப்பை எட்டிப் பார்க்கட்டும். கரண்டி பிடித்து நிற்பது பெரும்பாலும் ஆண்கள்தான். ஆயிரம் பேருக்குச் சமைத்தால் தொழில், வீட்டில் நாலு பேருக்குச் சமைத்தால் கௌரவக் குறைச்சலா? மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஒரு நாளில் ஈடுபட்ட ஆண்கள் சுமார் 26 சதவீதம், பெண்கள் 81.

இப்போதெல்லாம் பையன்கள் சமைக்கிறார்களே என்பீர்கள். சமைக்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை, யூடியூப் பார்த்து, பிரியாணி. அரைக் கிலோ கறிக்கு வீட்டிலுள்ள பாத்திரம் அத்தனையையும் எடுத்து, சிங்கில் குவித்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள். என் அண்ணன் மகன் அந்த ரகம். கோவையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒருநாள் ராத்திரி போன் வந்தது.

“அத்தை, ஆறு விசில் விட்டும் பருப்பு கல்லு மாதிரியே இருக்கு.”

“புளியை எப்பப்பா ஊத்தின?”

“பருப்போட சேர்த்தேதான்.”

புளிப்பு சேர்ந்தால் பருப்பு லேசில் குழையாது, வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அவன் பார்த்த வீடியோவில் பருப்பு ஏற்கெனவே வெந்துதான் வந்தது.

ஆகவே வகுப்பில் புதுப்புதுப் பலகாரம் வேண்டாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்து முற்றலை ஒதுக்கச் சொல்லிக் கொடுங்கள். குக்கரில் வெயிட் போடும் முன் ஆவித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆவி அடங்காமல் மூடியில் கை வைக்கக் கூடாது. கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூட வேண்டும். மதியச் சோற்றை வெளியிலேயே வைத்துவிட்டு ராத்திரி சூடாக்கிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பும் தவறு. அதில் கிருமி உண்டாக்கும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அப்புறம், மாதக் கடைசியில் கையில் இருப்பதை வைத்து நாலு நாள் ஓட்டுவது. பாத்திரம் தேய்ப்பதும் இந்தப் பாடத்தில்தான் வரும்.

ஜப்பானில் 1993-ல் நடுநிலைப் பள்ளிகளிலும் 1994-ல் மேல்நிலைப் பள்ளிகளிலும் மனையியலைப் பையன்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் பெண்கள் பள்ளியோடு நின்றுவிடுகிறது. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் நடக்கிறதே, அங்கே சமையலை மாணவர்களிடமே முறைவைத்து விடலாம். உள்ளூர் சமையல் மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் நின்று உப்பு, பதம் சொன்னால் போதும். இருபாலர் கல்லூரி என்றால் திட்ட அலுவலர் கொஞ்சம் கண்காணிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் நாளே பையன்கள் விறகு தூக்கவும் பரிமாறவும் நகர்ந்துவிடுவார்கள், அண்டா கழுவும் வேலை மாணவிகள் தலையில் வந்து விழும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தேனி