வைகை மீனையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலின் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டதிலிருந்து பேச்செல்லாம் ஆலை வளாகத்து மண்ணைப் பற்றித்தான். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லி கிராம் பாதரசம் மிஞ்சலாமா கூடாதா என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. சரி, மண்ணைச் சுத்தம் செய்யட்டும். மீனை யார் பார்ப்பது?

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர்தான் கும்பக்கரையில் அருவியாக விழுந்து, எங்கள் பெரியகுளம் பக்கமாக வந்து, வைகையில் சேர்கிறது. கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் இருந்ததை 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்தப் பாதரசம் ஆலையிலிருந்து காற்றில் போய் ஏரியில் விழுந்தது. ஓடையில் இறங்கியதன் கணக்கு?

நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் தெருவுக்கே வைகை அணை மீன்தான். விராலைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து, வழுவழுப்பு போக்கித் துண்டு போட்டுக் கொடுப்பார் மீன்காரம்மா. மாசமாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண், "உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணி அலசினா பாதரசம் போயிடும்தானே டீச்சர்?" என்று கேட்டாள். போகாது. வண்டலில் உள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற இன்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அது மீனின் சதைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலை உரித்தாலும் குழம்பு கொதித்தாலும் அங்கேயேதான் இருக்கும். வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும்.

மீனில் உள்ள செலினியம் என்ற தாதுச்சத்து பாதரசத்தை முறித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. செலினியம் பாதரசத்தோடு பிணைவது சரி. எவ்வளவுக்கு எவ்வளவு என்று அளக்காமல் அதை நம்பிச் சாப்பிட முடியாது. செலினியமே அளவு மீறினால் நஞ்சு. அமெரிக்காவின் பெலூஸ் ஏரியில் அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்து வந்த செலினியம் மீன் இனங்களைக் கிட்டத்தட்டத் துடைத்தே விட்டது.

வைகை மீன் விஷம் என்று நான் சொல்லவில்லை. மீன்காரர்கள் பிழைப்பில் மண் போட எனக்கு ஆசையுமில்லை. பொதுவாக மீனில் கிலோவுக்கு 0.5 மில்லி கிராம், இரை பிடித்துத் தின்னும் மீனில் 1 மில்லி கிராம் என்று பாதரசத்துக்கு நம் நாட்டிலேயே வரம்பு இருக்கிறது. மீன்வளத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் விரால், ஜிலேபி, கட்லா மூன்றையும் தனித்தனியாக எடுத்து, பாதரசத்தோடு செலினியத்தையும் அளந்து, முடிவைத் தமிழில் எழுதி அணை மீன் விற்குமிடத்தில் மாட்ட வேண்டும். விராலை முதலில் எடுங்கள். சின்ன மீனைத் தின்றே வளர்வது அது.

ஒரு வாசகி,
பெரியகுளம்