கணக்குக் கெடாமல் தோற்பது

அன்பு மகளுக்கு,

லீக் சுற்றில் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்ற இந்திய மகளிர் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது அதிர்ஷ்டம்தானே அப்பா என்று கேட்டிருந்தாய். அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் இதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு பேனா வைத்துக்கொண்டு படி.

2025 மகளிர் உலகக் கோப்பையில் எட்டு அணிகள். எல்லோரும் எல்லோருடனும் ஒரு முறை மோதவேண்டும், ஆளுக்கு ஏழு ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி, மழையில் முடிவில்லாமல் போனால் 1. முதல் நான்கு இடங்களுக்கு அரையிறுதி. முதலிடத்தில் வந்தவர்களுக்கும் நான்காம் இடத்தில் வந்தவர்களுக்கும் அங்கே அதே ஐம்பது ஓவர்தான். ஆகவே லீக் சுற்றில் முதல் வேலை அந்த நான்காம் இடத்தைக் கைநழுவ விடாமல் இருப்பது.

இப்போது அந்த மூன்று தோல்விகளை எடுத்துக்கொள். விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவிடம் மூன்று விக்கெட்டில், ஏழு பந்து மீதம் இருக்கும்போது. அதே ஊரில் ஆஸ்திரேலியாவிடம் மூன்று விக்கெட்டில், ஆறு பந்து மீதம் இருக்கும்போது. இந்தூரில் இங்கிலாந்திடம் வெறும் நான்கு ரன்னில். மூன்றுமே கடைசி இரண்டு ஓவர்வரை இழுத்துக்கொண்டு போன ஆட்டங்கள். புள்ளி சமமாக நிற்கும் அணிகளைப் பிரிக்கப் பார்ப்பது நெட் ரன் ரேட், அதாவது ஓர் ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓர் ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது. அதில் இந்த வித்தியாசம்தான் பேசும்.

தென்னாப்பிரிக்க ஆட்டத்தைக் கையால் போட்டுப் பார்ப்போம். இந்தியா 49.5 ஓவரில் 251க்கு ஆல் அவுட். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்வார்கள், 251ஐ 49.5ஆல் வகுப்பார்கள். ஆல் அவுட் ஆன அணிக்கு அது ஆடிய ஓவரைப் பார்க்கக் கூடாது. ஒதுக்கிய 50 ஓவரையும் ஆடியதாகத்தான் கணக்கு. அப்படிச் செய்யாவிட்டால் சீக்கிரம் சுருண்ட அணிக்கு ரன் ரேட் கூடிவிடுமே! ஆக 251 / 50 = 5.02. எதிரணி 252ஐ எடுத்தது 48.5 ஓவரில். இரண்டாவது தவறு இங்கே காத்திருக்கிறது: 48.5 என்பது நாற்பத்தெட்டரை இல்லை. நாற்பத்தெட்டு ஓவரும் ஐந்து பந்தும், அதாவது 48.83. 252ஐ 48.83ஆல் வகுத்தால் 5.16. இந்தியாவுக்கு அந்த ஆட்டத்தில் நஷ்டம் 0.14 மட்டும். ஆஸ்திரேலியாவிடம் தோற்றதில் சுமார் 0.16, இங்கிலாந்திடம் 0.08. கொழும்பில் பாகிஸ்தானை 88 ரன்னில் ஜெயித்தபோது (247க்கு எதிராக 159 ஆல் அவுட்) வந்த லாபம் 1.76. மூன்று தோல்வியின் நஷ்டத்தையும் சேர்த்தாலும் அதில் கால்வாசிகூட வராது.

ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தின் வித்தியாசத்தையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதே, அது முறையில்லை. எடுத்த ரன் எல்லாவற்றையும் கூட்டி, ஆடிய ஓவர் எல்லாவற்றாலும் வகுக்கவேண்டும். கொடுத்த ரன்னுக்கும் அப்படியே. மழை விதி வந்த ஆட்டத்தில் முதலில் ஆடிய அணி உண்மையில் அடித்த ரன்னை மறந்துவிடு. நவி மும்பையில் நியூசிலாந்துக்கு எதிராக இந்தியா 49 ஓவரில் 340 அடித்தது. நியூசிலாந்துக்குத் திருத்திய இலக்கு 44 ஓவரில் 325. ஆகவே இந்தியாவின் கணக்கில் ஏறுவது 44 ஓவரில் 324தான். இப்படிச் சேர்த்தால் இந்தியா எடுத்தது 291 ஓவரில் 1706, கொடுத்தது 288.83 ஓவரில் 1512. முடிவில்லாமல் போன வங்கதேச ஆட்டம் இதில் சேராது. வகுத்துக் கழித்துப் பார், 0.628 வரும். புள்ளிப் பட்டியலில் இந்தியாவின் பெயருக்கு நேரே இருந்தது அதே எண்தான்.

நான்காம் இடத்தை உறுதிசெய்ததும் அந்த நியூசிலாந்து ஆட்டம்தான். அதற்கு முன் ஐந்து ஆட்டம் முடிந்த நிலையில் இருவருக்கும் 4 புள்ளி.

நெட் ரன் ரேட் என்ன செய்யும் என்பதற்கு அதே ஆண்டு ஏப்ரலில் லாகூரில் நடந்த தகுதிச் சுற்றைப் பார். தாய்லாந்து 166க்கு ஆல் அவுட். மேற்கிந்தியத் தீவுகள் அணி, புள்ளியில் சமமாக வரும் வங்கதேசத்தைத் தாண்டிப் போக அந்த இலக்கைப் பத்து ஓவரை ஒட்டி முடித்தாகவேண்டும். கேப்டன் ஹேலி மேத்யூஸ் 29 பந்தில் 70 அடித்தார். 10.5 ஓவரில் 168 எடுத்து ஜெயித்தும் விட்டார்கள். ஆனால் ரன் ரேட் 0.626, வங்கதேசத்துக்கு 0.639. உலகக் கோப்பைக்குப் போனது வங்கதேசம். கொடுமை என்னவென்றால், ஸ்கோர் சமமாகி 166இல் நிற்கும்போது ஒரு சிக்ஸர் போயிருந்தால் 172 ஆகி, பதினோரு ஓவர் ஆகியிருந்தாலும் தப்பித்திருப்பார்கள். வெற்றி ரன் விழுந்த அந்தப் பந்தோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் ஒரு ரன்கூடச் சேர்க்க வழியில்லை. அப்படி ஆடியும் வெளியேறிய பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

நம் அணிக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கிறது. 2022 உலகக் கோப்பை, மார்ச் 27, கிறைஸ்ட்சர்ச். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கடைசி லீக் ஆட்டம், கடைசி ஓவர், பந்து தீப்தி ஷர்மா கையில். மிக்னான் டு பிரீஸ் தூக்கி அடிக்கிறார், கேட்ச் பிடித்தாயிற்று, பார்த்தால் நோ பால். பந்து வீசும்போது முன்காலின் ஏதாவது ஒரு பகுதி கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் இருக்கவேண்டும். குதிகால் தரையைத் தொடாமல் காற்றில் நின்றால்கூடப் போதும், கோட்டுக்குப் பின்னால் இருக்கவேண்டும். அது இல்லை. கடைசிப் பந்தில் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. 6 புள்ளியோடு இந்தியா வெளியே, 7 புள்ளியோடு மேற்கிந்தியத் தீவுகள் உள்ளே. அதே தீப்தி 2025இல் 215 ரன், 22 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகி ஆனார். இறுதிப் போட்டியில் அரை சதம், கூடவே 39 ரன்னுக்கு 5 விக்கெட்.

அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338ஐத் துரத்த முடிந்ததற்கு விதியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மகளிர் ஆட்டத்தில், ஆடுகளத்தைச் சுற்றிப் போடும் உள்வட்டத்தின் ஆரம் 23 மீட்டர், ஆண்களுக்கு 27.43. பவுண்டரிக் கோடு 55இலிருந்து 64 மீட்டருக்குள். முதல் பத்து ஓவரில் வட்டத்துக்கு வெளியே நிற்கக்கூடிய ஃபீல்டர்கள் இரண்டே பேர், பிறகு கடைசி ஓவர்வரை நான்கே பேர். ஆண்கள் ஆட்டத்தில் கடைசிப் பத்து ஓவருக்கு ஐந்தாவது ஆளை வெளியே விடுவார்கள், இங்கே கிடையாது. ஆகவே இடைவெளி பார்த்துத் தரையோடு அடிக்கத் தெரிந்தவருக்குக் கடைசிவரை பவுண்டரி உண்டு. ஜெமிமா ரோட்ரிக்ஸின் 127ஐ அப்படிப் பார்க்கவேண்டும்: 134 பந்து, 14 பவுண்டரி, சிக்ஸரே இல்லை. இங்கிலாந்து ஆட்டத்தில் அணியிலேயே இடமில்லாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். 82இல் அவர் கொடுத்த கேட்சை ஆஸ்திரேலியக் கேப்டன் அலிசா ஹீலி தவறவிட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அதிர்ஷ்டம் என்று நீ சொன்னதில் உண்மை அந்த அளவுக்கு உண்டு.

நவம்பர் 2 இறுதிப் போட்டியை மறுபடி பார்க்கும்போது ஸ்கோரை விட்டுவிட்டு 42ஆவது ஓவரின் முதல் பந்தைக் கவனி. சதம் அடித்து நிற்கும் தென்னாப்பிரிக்கக் கேப்டன் லாரா வோல்வார்ட், தீப்தியைத் தூக்கி அடிக்கிறார். ஓடி வரும் அமன்ஜோத் கவுர் கையில் பந்து விழுந்து, துள்ளி, மறுபடி துள்ளி, கடைசியில் ஒரு கையில் தங்குகிறது. அதுவரை ஆட்டம் தென்னாப்பிரிக்காவுக்கும் திறந்தே இருந்தது. அதன் பிறகு 246இல் முடிந்து, 52 ரன்னில் தோற்றார்கள்.

இங்கிலாந்தில் 2026 ஜூன் 12 முதல் ஜூலை 5 வரை நடக்கும் டி20 உலகக் கோப்பைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பழகு. பன்னிரண்டு அணிகள், ஆறு ஆறாக இரண்டு பிரிவு, ஆளுக்கு ஐந்தே ஆட்டம், பிரிவுக்கு இரண்டு பேர்தான் அரையிறுதிக்கு. வகுக்கிற எண் 50 இல்லை, 20. ஓர் ஆட்டத்தில் ஒரு ரன்னின் எடை 0.02இலிருந்து 0.05 ஆகிவிடும். ஐந்து ஆட்டமும் முடிந்தபின் சேர்த்துப் பார்த்தால் ஒரு ரன் 0.01. லாகூரில் வித்தியாசம் 0.013 என்று மேலே எழுதினேனே, அதோடு ஒப்பிட்டுப் பார். முதல் ஆட்டம் முடிந்ததும் நீ போட்ட கணக்கை எனக்கு அனுப்பு, நானும் இங்கே போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா